பியானோ எழுதிய உரை

இங்கிலாந்து மண்ணில் நடக்கும் டெஸ்ட் போட்டிகளைத் தொலைக்காட்சியில் விடாமல் பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் 'ஜெருசலேம்' என்ற பாட்டை நிச்சயம் கேட்டிருப்பீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்தில் அது ஒலிக்கும், ரசிகர்கள் எழுந்து நின்று தொண்டை கிழியப் பாடுவார்கள். அதுதான் அந்த நாட்டின் தேசிய கீதம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். உண்மையில் அது வில்லியம் பிளேக் எழுதிய பதினாறு வரிக் கவிதை. 'மில்டன்' என்ற தன்னுடைய நீண்ட காவியத்தின் முன்னுரையில், தலைப்புகூட வைக்காமல், செப்புத் தகட்டில் தன் கையாலேயே பொறித்து வைத்தார். 1827-இல் அவர் இறந்தபோது அவரைக் கவிஞர் என்று அறிந்தவர்கள் வெகு சிலர்.

1916-இல் ஹியூபர்ட் பாரி அந்த வரிகளுக்கு மெட்டுப் போட்டார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதிசயம்! பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்கள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். பாரியும் மனமுவந்து பாட்டின் உரிமையை அவர்கள் சங்கத்துக்கே எழுதிக்கொடுத்தார். எட்வர்ட் எல்கர் 1922-இல் முழு வாத்தியக் குழுவுக்கு ஏற்ப அதை விரித்து எழுதினார். இன்று லண்டன் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் ப்ராம்ஸ் இசைவிழாவின் கடைசி இரவில் அதைப் பாடாமல் கூட்டம் கலைவதில்லை. கவிதைப் புத்தகமே தொடாத ஒருவர் பிளேக்கின் பதினாறு வரிகளை மனப்பாடமாகப் பாடுகிறார். எந்தப் பேராசிரியரால் இதைச் செய்ய முடிந்தது? ஒரு மெட்டு செய்தது.

நான் இங்கிலாந்தில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஆங்கிலக் கவிதைகளுக்கு மெட்டமைத்து மேடையில் பாடுவதும், அதே பாட்டுகளை வகுப்பறைக்குக் கொண்டுவருவதும் என் வாழ்க்கையின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. இதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இன்று பேச்செடுத்தவள் நானே!

நம் ஊரில் கவிதையும் பாட்டும் பிரிந்ததே இல்லை. தேவாரத்துக்குப் பண் உண்டு. பாரதியார் தம் பாடல்கள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் தாமே குறித்துவைத்தார். ஆனால் ஆங்கிலக் கவிதை என்றால் நமக்கு நினைவு வருவது பாடப்புத்தகமும் கோனார் நோட்ஸும் ஐந்து மதிப்பெண் வினாவும்தான். அதற்கும் பாட்டு உண்டு, அதுவும் ஷேக்ஸ்பியர் காலத்திலிருந்தே உண்டு என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்த காலத்திலேயே, 1600-இல், தாமஸ் மோர்லி அவருடைய நாடகப் பாட்டு ஒன்றை லூட் என்ற தந்தி வாத்தியத்தோடு பாடும்படி மெட்டோடு அச்சிட்டுவிட்டார். தாமஸ் கேம்பியன் என்பவர் கவிதையும் எழுதி மெட்டும் தாமே போட்டார், நம் வாக்கேயக்காரர்களைப் போல.

நம் சினிமாவில் மெட்டுக்குப் பாட்டு எழுதுவார்கள். இங்கே நடப்பது பாட்டுக்கு மெட்டு. கவிஞர் எப்போதோ எழுதி முடித்துவிட்டார். ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. இசையமைப்பாளர் அந்தக் கவிதையோடு உட்கார்ந்து ஒவ்வொரு அசைக்கும் முடிவு எடுக்க வேண்டும். இந்தச் சொல் உயரத்திலா, தாழ்விலா? இந்த இடத்தில் மூச்சு விடலாமா? இதைச் சொல்பவன் சிரித்துக்கொண்டு சொல்கிறானா, நெஞ்சு உடைந்து சொல்கிறானா? ஒவ்வொரு முடிவும் கவிதைக்கு ஒரு விளக்கம். குறளுக்குப் பரிமேலழகர் எழுதியதுபோல, கவிதைக்கு இசையமைப்பாளர் எழுதும் உரைதான் மெட்டு. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குக் கவிதை படிக்கும் விதமே மாறிப்போயிற்று.

எங்கே தொடங்கலாம்? கொஞ்சமும் தயங்காமல் சொல்வேன், ஜார்ஜ் பட்டர்வொர்த்திடம் தொடங்குங்கள்.

ஏ. இ. ஹௌஸ்மன் 1896-இல் 'எ ஷ்ரோப்ஷயர் லாட்' என்ற தொகுப்பை வெளியிட்டார். 63 கவிதைகள். கிராமத்து இளைஞர்கள், உழவு, காதல், சிப்பாய்களாகப் போனவர்கள், சீக்கிரமே செத்துப்போனவர்கள். எளிய சொற்கள், நாட்டுப்பாடல் போன்ற சந்தம். ஆங்கிலேய இசையமைப்பாளர்கள் அந்தப் புத்தகத்தை மொய்த்துக்கொண்டார்கள். பட்டர்வொர்த் அதிலிருந்து ஆறு பாடல்களை எடுத்து 1911-இல் வெளியிட்டார். கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல்களைக் கேட்டு எழுதிவைத்தவர் அவர். மாரிஸ் என்னும் கிராமிய நடனத்தையும் நன்றாக ஆடுவார். அந்த மண்ணின் ஓசை அவர் காதுக்குள் குடியிருந்தது.

முதல் பாட்டு 'லவ்லியஸ்ட் ஆஃப் ட்ரீஸ்'. ஈஸ்டர் சமயத்தில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும் செர்ரி மரத்தை ஒருவன் பார்க்கிறான். தனக்கு விதித்தது எழுபது ஆண்டு, அதில் இருபது கழிந்துவிட்டது, மிச்சம் ஐம்பதுதான், இந்தப் பூவைப் பார்க்க ஐம்பது வசந்தம் எப்படிப் போதும் என்று கணக்குப் போடுகிறான். இவ்வளவுதான் கவிதை. பட்டர்வொர்த் என்ன செய்தார் தெரியுமா? பியானோவில் கெட்டியான சுரக்கூட்டு எதுவும் இல்லாமல், ஒற்றை இழையாக, மேலிருந்து கீழே சுரங்களை இறக்கினார். பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே இதழ் உதிர ஆரம்பித்துவிட்டது! கவிதையில் உதிர்வு என்ற பேச்சே இல்லை. மரம் முழுப் பூவோடுதான் நிற்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருப்பது உதிர்வுதான் என்று பியானோ முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. இதைவிடச் சிறந்த உரையை நான் எந்த விமர்சன நூலிலும் படித்ததில்லை.

இதை நேரில் கேட்க வேண்டும். லண்டனில் விக்மோர் ஹால் என்று ஒரு அரங்கம், 1901-இல் திறந்தது. ஏறக்குறைய 550 இருக்கைகள்தான். மேடைக்கு மேலே அரைவட்டக் கூரையில் ஓவியம். மேடையில் ஒரு பியானோ, ஒரு பாடகர், வேறு எதுவும் கிடையாது. மைக் கிடையாது! நம் சபாக்களில் ஸ்பீக்கரோடு கேட்டுப் பழகியவர்களுக்கு முதல் சில நிமிடம் வியப்பாகவே இருக்கும். பிறகு காது தானாகவே கூர்மையாகிவிடும். பாடகர் ஒரு மெய்யெழுத்தை உதட்டில் அழுத்தி விடுவிப்பது கடைசி வரிசை வரை கேட்கும். மூச்சு எடுப்பது கேட்கும். கையில் கவிதை அச்சிட்ட தாளைக் கொடுத்திருப்பார்கள். பக்கம் திருப்பும் சத்தம்கூட வராமல் அத்தனை பேரும் பாட்டு முடியும்வரை காத்திருப்பார்கள். ஒரு கவிதைக்கு இப்படி ஒரு மரியாதையா என்று எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

ஹௌஸ்மனின் அதே தொகுப்பில் 'இஸ் மை டீம் ப்ளௌயிங்' என்று ஒரு கவிதை. அதற்கு இருவர் எழுதிய உரைகளை அடுத்தடுத்துக் கேட்டால் நான் சொல்வது முழுசாக விளங்கும்.

செத்துப்போன இளைஞன் ஒருவன், உயிரோடு இருக்கும் நண்பனிடம் கேள்வி கேட்கிறான். நான் ஓட்டிய குதிரைகள் இன்னும் உழுகின்றனவா? ஆற்றோரம் பந்தாட்டம் நடக்கிறதா? என் காதலி அழுது ஓய்ந்துவிட்டாளா? நீ நன்றாகத் தூங்குகிறாயா? நண்பன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான். எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது. கடைசிப் பதிலில்தான் விஷயம் வெளியே வருகிறது. அவன் இப்போது படுத்திருப்பது செத்தவனுடைய காதலியோடு.

பட்டர்வொர்த் செத்தவனின் கேள்வியை மெல்லிய குரலில், கிட்டத்தட்டப் பேச்சுப்போல அமைத்தார். பியானோ உயரத்திலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கும் சுரக்கூட்டுகளை மிக மெதுவாக வைக்கிறது. பதில் வரும்போது குரல் தணிந்து, கனத்து, உரத்து ஒலிக்கிறது. உண்டு உழைத்து வாழும் ஒருவனின் குரல். ஒரே பாடகர்தான் இரண்டு பேராகவும் பாடுகிறார். வேஷம் இல்லை, விளக்கு மாறவில்லை. கண்ணெதிரே இருவர் நிற்கிறார்கள்! கேள்வியும் பதிலும் ஏறத்தாழ ஒரே மெட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. நான்காம் முறையில் அந்தத் திடமான குரல் உள்ளே நொறுங்குகிறது. பியானோ முடிவுச் சுரத்துக்கு வந்து சேராமல் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. செத்தவன் கேட்டுக்கொண்டே இருப்பான் என்பது பட்டர்வொர்த்தின் உரை.

ரால்ஃப் வான் வில்லியம்ஸ் இதே கவிதையை 1909-இல் 'ஆன் வென்லாக் எட்ஜ்' என்ற தொகுதியில் எடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பாரிஸில் ராவெலிடம் பாடம் கேட்டுத் திரும்பியிருந்தார். டெனர் என்னும் உயர்ந்த ஆண் குரல், பியானோ, நான்கு தந்தி வாத்தியங்கள். செத்தவன் பேசும்போது ஒலி அடக்கிய தந்திகள், தூரத்திலிருந்து வருவதுபோல. நண்பன் பேசும்போது பியானோ படபடவென்று துடிக்கிறது. இவன் குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருக்கிறான். ஒவ்வொரு பதிலிலும் பதற்றம் ஏறி, கடைசியில் கதறலே வந்துவிடுகிறது. பட்டர்வொர்த்தின் நண்பன் மறைக்கிறான், வான் வில்லியம்ஸின் நண்பன் மறைக்க முடியாமல் தவிக்கிறான். கவிதை ஒன்றேதான், ஒரு எழுத்தும் மாறவில்லை. எது சரி? இரண்டும் சரி! இதற்குத்தானே நாம் கவிதை படிக்கிறோம்!

வான் வில்லியம்ஸ் பந்தாட்டம் வரும் இரண்டு பத்திகளை விட்டுவிட்டார். ஹௌஸ்மனுக்கு மகா கோபம். அவர் இசையமைப்பாளர்களிடம் பணம் வாங்காமல் தாராளமாக அனுமதி கொடுத்தவர், ஆனால் அந்தப் பாட்டுகள் மேல் அவருக்குப் பெரிய பிரியம் இருந்ததில்லை. வான் வில்லியம்ஸோ, பொருள் கெடாதவரை வேண்டிய பகுதியை எடுத்துக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்று கடைசிவரை நின்றார். நான் வகுப்பில் இந்த வழக்கைப் பிள்ளைகள் முன் வைப்பேன். பாதி வகுப்பு ஹௌஸ்மன் கட்சி, பாதி வான் வில்லியம்ஸ் கட்சி. பந்தாட்டத்தை எடுத்துவிட்டால் கவிதையில் என்ன குறையும் என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் மறித்து வாதாடுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். உழவு, ஆட்டம், காதலி, நட்பு என்று கேள்வி மெல்ல மெல்ல நெருங்கி வருகிறது, ஒரு படியை எடுத்தால் ஏற்றம் போய்விடும் என்று ஒரு மாணவி சொன்னாள். நான் விளக்கியிருந்தால் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். பாட்டு சொல்லிக்கொடுத்தது அது.

பட்டர்வொர்த்தின் கதையை நினைத்தால் மனசு கனத்துவிடும். முதல் உலகப் போர் வந்ததும் படையில் சேர்ந்தார். போகும்முன் தன் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றைத் தானே அழித்தார். 1916 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, சோம் போர்முனையில், மறைந்திருந்து சுட்டவனின் குண்டுக்கு இரையானார். வயது 31. உடல் கிடைக்கவில்லை. பிரான்ஸில் தியெப்வால் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. ஐம்பது வசந்தம் போதாதே என்ற கவிதைக்கு மெட்டுப் போட்டு வெளியிட்டவருக்கு அதன்பின் வாய்த்தது ஐந்தே வசந்தம். வான் வில்லியம்ஸ் தன் 'லண்டன் சிம்ஃபனி'யை இவர் நினைவுக்கே அர்ப்பணித்தார். பிள்ளைகளிடம் நான் இந்தத் தகவலைப் பாட்டு கேட்ட பிறகுதான் சொல்வேன். சொன்னதும் அவர்களே மறுபடி போடச் சொல்வார்கள்.

ஷ்ரோப்ஷயர் பக்கம் போகிறவர்கள் லட்லோ ஊருக்குப் போய் வாருங்கள். அங்கே செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தின் வடக்குச் சுவர் ஓரத்தில்தான் ஹௌஸ்மனின் சாம்பல் புதைக்கப்பட்டிருக்கிறது. காதில் பட்டர்வொர்த்தை வைத்துக்கொண்டு அந்தச் சுவரோரம் நடப்பது எனக்குக் கோயில் பிராகாரம் சுற்றுவதற்குச் சமம்.

அடுத்து, பெஞ்சமின் பிரிட்டன். அவருடைய 'செரனேட்', டெனர், ஹார்ன் என்னும் ஊதுகருவி, தந்தி வாத்தியங்கள் ஆகியவற்றுக்காக எழுதியது. 1943-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, இதே விக்மோர் ஹாலில் அரங்கேறியது. பாடியவர் பீட்டர் பியர்ஸ், ஹார்ன் வாசித்தவர் 22 வயது டென்னிஸ் பிரெய்ன். டென்னிசன், பிளேக், பென் ஜான்சன், கீட்ஸ் என்று வெவ்வேறு நூற்றாண்டுக் கவிதைகளை இரவு என்ற ஒரே நூலில் கோத்த மாலை.

தொடக்கத்தில் ஹார்ன் மட்டும் தனியாக. வால்வு எதையும் தொடாமல் குழாயில் இயற்கையாக எழும் சுரங்களை மட்டுமே வாசிக்கச் சொல்கிறார் பிரிட்டன். சுருதி சுத்தம் பழகிய நம் காதுக்குச் சில சுரங்கள் சற்று விலகி ஒலிக்கும். தவறு என்று நினைக்க வேண்டாம், மனிதன் சுரங்களைச் சீர்செய்வதற்கு முந்தைய ஒலி அது. பிறகு பிளேக்கின் நோயுற்ற ரோஜா கவிதை. மொத்தமே எட்டு வரி. ரோஜாவுக்குள் கண்ணுக்குத் தெரியாத புழு புகுந்துவிட்டது. பிரிட்டன் பாடகருக்கு அதிகம் கொடுக்கவில்லை. முன்னும் பின்னும் ஹார்ன்தான் நீளமாகப் பேசுகிறது. அது நிலைத்து நின்ற சுரத்திலிருந்து ஒரு அரைச்சுரம் வழுக்கி இறங்குகிறது. மறுபடி, மறுபடி. அந்த அரைச்சுரம்தான் புழு! நேரில் கேட்கும்போது வயிற்றுக்குள் ஏதோ நகர்வது போலிருக்கும்.

நேரில் பார்த்தால்தான் தெரியும் இன்னொரு சங்கதி இருக்கிறது. கடைசியில் கீட்ஸின் கவிதை, தூக்கத்தை வேண்டிப் பாடுவது. அதில் ஹார்னுக்கு வேலையே இல்லை. அந்த நேரத்தில் வாசிப்பவர் சத்தமில்லாமல் எழுந்து மேடையை விட்டு வெளியே போய்விடுவார். பாட்டு முடிந்ததும் தொடக்கத்தில் வந்த அதே இசை திரைக்குப் பின்னாலிருந்து, எங்கோ தொலைவிலிருந்து வரும். இசைத்தட்டில் இது அழகு. அரங்கத்தில் காலியான அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கேட்பது வேறு அனுபவம். எத்தனை முறை கேட்டாலும் கண் நனைந்துவிடும் எனக்கு.

ஜெரால்ட் ஃபின்சியைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். ஷேக்ஸ்பியர் நாடகப் பாட்டுகள் ஐந்தை 'லெட் அஸ் கார்லண்ட்ஸ் பிரிங்' என்ற தொகுதியாக்கி, வான் வில்லியம்ஸின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் காணிக்கை செய்தார். அரங்கேற்றம் அந்தப் பிறந்தநாளன்றே, 1942 அக்டோபர் 12, லண்டன் நேஷனல் கேலரியில். குண்டுக்குப் பயந்து ஓவியங்களையெல்லாம் வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். வெறுஞ்சுவர்களுக்கு நடுவே பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மதிய நேரக் கச்சேரிகளை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே ஷேக்ஸ்பியர் பாட்டு! ஃபின்சியின் வழி தனி வழி. பெரும்பாலும் அசைக்கு ஒரு சுரம், சொல்லை இழுத்து நீட்டுவதில்லை. ஆங்கிலத்தை அழகாகப் பேசும் ஒருவர் உணர்ச்சி மிகுந்து பேச்சிலிருந்து பாட்டுக்கு நழுவியதுபோல இருக்கும். உச்சரிப்பு சரியாக வரவில்லையே என்று கவலைப்படும் மாணவர்களுக்கு ஃபின்சியைவிட நல்ல வாத்தியார் இல்லை.

இனி வகுப்பறை. ஆங்கில யாப்பில் அழுத்தம்தான் கணக்கு. எந்த அசை அழுந்துகிறது, எது லேசாகப் போகிறது என்று கரும்பலகையில் கோடு போட்டு விளக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பாடச் சொல்லிப் பாருங்கள்! 'அமேஸிங் கிரேஸ்' மெட்டு எல்லாருக்கும் தெரியும். நான்கு அழுத்தம், மூன்று அழுத்தம், நான்கு, மூன்று என்று போகும் அமைப்பு. தேவாலயப் பாட்டுகள் பலவற்றிலும் பழைய கதைப்பாட்டுகள் பலவற்றிலும் இதே அமைப்புதான். கோல்ரிட்ஜின் கிழட்டு மாலுமியின் கதையை எடுத்து அந்த மெட்டில் பாடச் சொல்வேன். பெரும்பாலான பத்திகள் கச்சிதமாக உட்காரும். எமிலி டிக்கின்சனின் கவிதைகள் பலவும் அப்படியே உட்காரும். வகுப்பே ஆர்ப்பரிக்கும். பிறகு வேண்டுமென்றே அழுத்தத்தை இடம் மாற்றிப் பாடிக் காட்டுவேன். லேசான சிறு சொல் தாளத்தில் வந்து விழுந்ததும் காதில் உறுத்தும், பிள்ளைகளே முகத்தைச் சுளித்துத் திருத்துவார்கள். யாப்பு அவ்வளவுதான்! ஒரு வாரப் பாடம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, வாழ்நாளுக்கும் மறப்பதில்லை.

சின்ன வகுப்புகளுக்கு ஆல்ஃபிரட் நாய்ஸின் 'தி ஹைவேமன்'. குதிரையில் வரும் வழிப்பறித் திருடன், விடுதிக்காரன் மகள், நள்ளிரவு, துப்பாக்கி. சந்தத்திலேயே குளம்பொலி கேட்கும் கவிதை. அமெரிக்கப் பாடகர் ஃபில் ஓக்ஸ் 1965-இல் கிதாரோடு பாடினார். கனடாவின் லொரீனா மெக்கென்னிட் 1997-இல் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் கதைப்பாட்டாகப் பாடினார். பிள்ளைகளைத் தொடையில் தட்டச் சொல்லி ஓக்ஸைப் போடுங்கள். அடுத்து மெக்கென்னிட்டைப் போட்டு, யாருடைய பாட்டில் அந்தப் பெண் முக்கியம், யாருடையதில் திருடன் முக்கியம் என்று கேளுங்கள். பதில் சொல்லக் கை தூக்காத பிள்ளையே இருக்காது.

பாடகர் குழு உள்ள பள்ளிகளுக்கு ஜான் டேவனர் 1982-இல் மெட்டமைத்த பிளேக்கின் 'தி லாம்ப்'. ஆட்டுக்குட்டியிடம் குழந்தை பேசும் கவிதை. உடன்பிறந்தவரின் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக எழுதிய பாட்டு. முதலில் உச்சக்குரல் மட்டும் ஒரு சிறு சுரவரிசையைப் பாடும். அடுத்து கீழ்க்குரல் சேர்ந்து அதையே கண்ணாடி பிம்பமாகப் பாடும். மேற்குரல் ஏறினால் கீழ்க்குரல் இறங்கும், அது இறங்கினால் இது ஏறும். சுரங்கள் உரசும், கூசும். குழந்தைப் பாட்டு என்று நினைத்து வந்தவர்களுக்கு அந்த உரசல் உள்ளே தைக்கும். பிறகு எல்லாக் குரலும் இனிமையாக இணையும்போது, கவிதையில் கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட நிம்மதி. சுரங்கள் மிகக் குறைவு, பள்ளிப் பிள்ளைகள் பாடக்கூடியவை, ஆனால் நடுங்காமல் பிடித்து நிற்க வேண்டும். அந்த உரசலில் இரண்டு வரிசைப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சுரத்தை விடாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கவிதையை இதைவிட நெருக்கமாக ஒருவர் படிக்க முடியாது.

கேட்பதோடு நில்லாமல் பிள்ளைகளையே மெட்டுப் போடச் சொல்வேன். உக்குலேலே, கீபோர்டு, கைபேசி ஆப், மேஜையில் தாளம், எதுவும் சரி. இசை படித்திருக்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, சொல்லை மாற்றக் கூடாது. பிளேக்கின் புலிக் கவிதையை எடுத்த ஒரு குழு, அதில் வரும் கொல்லன் பட்டறையைப் பிடித்துக்கொண்டு, பாடாமலே, இரும்புக் கம்பியை மேஜைக்காலில் தட்டித் தட்டி வரிகளைச் சொன்னது. கடைசிப் பத்தி முதல் பத்தியைப் போலவே வந்து ஒரே ஒரு சொல்லில் மாறும் அல்லவா? அந்தச் சொல்லுக்கு முன் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு மாற்றத்தில்தான் கவிதையின் முழு பாரமும் இருக்கிறது என்பதை அவர்களாகவே கண்டுபிடித்து ஒரு மௌனத்தால் சொல்லிவிட்டார்கள். கைதட்டிக்கொண்டே இருந்தேன்.

மெட்டு போட்டால் கவிதையின் சொந்த ஓசை அழிந்துவிடும் என்று சொல்லும் நல்ல வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன். ஆனால் மெட்டு கவிதையைத் தின்றுவிடுவதில்லை. புத்தகத்தில் கவிதை அப்படியேதான் இருக்கிறது. கேட்டுவிட்டுத் திரும்பப் படியுங்கள், முன்பு பார்க்காத ஒரு வரி எழுந்து நிற்கும். பிடிக்காத மெட்டும் உதவும். இது இப்படி இல்லையே என்று மனம் சொல்லும் அந்தக் கணத்தில், அந்தக் கவிதை எப்படி என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சென்னையிலும் மற்ற ஊர்களிலும் டிரினிடி போன்ற மேற்கத்திய இசைத் தேர்வுகளுக்குப் பாடப் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். ரோஜர் குவில்ட்டரின் ஷேக்ஸ்பியர் பாட்டுகளும் வான் வில்லியம்ஸின் 'லிண்டன் லீ'யும் அப்படிப் பாட்டு படிப்பவர்கள் கைக்கு வந்து சேருபவைதான். அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுரத்தைத் தொடுவதற்கு முன் கவிதையை உரக்கப் படிக்க வையுங்கள். இவர் ஏன் இந்தச் சொல்லை உயரத்தில் வைத்தார் என்று கேளுங்கள். குரல் தானாகவே மாறும்.

கேட்கத் தொடங்க எதுவும் செலவழிக்க வேண்டாம். விக்மோர் ஹால் தன் கச்சேரிகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வேல்ஸ் நாட்டுப் பாடகர் பிரின் டெர்ஃபெல் 1995-இல் வெளியிட்ட 'தி வேகபாண்ட்' என்ற ஆல்பத்தில் பட்டர்வொர்த், ஃபின்சி, வான் வில்லியம்ஸ் மூவரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். பியர்ஸும் பிரெய்னும் பிரிட்டன் முன்னிலையில் 1944-இல் பதிவுசெய்த 'செரனேட்' இன்றும் கிடைக்கிறது. முதலில் கவிதையை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு தாளை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களே, உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் கவிதைகளில் ஒன்றுக்காவது யாராவது மெட்டுப் போட்டிருப்பார்கள். இரண்டு மெட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. பொருள் சொல்வதற்கு முன் அவற்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த வகுப்பிலேயே செய்யுங்கள்.